வௌவாலை நிறுத்திய கூட்டம்

புதிதாக ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு விமானத் தளத்தில் கால் வைத்திருக்கும் தம்பி தங்கைகளே, போன வாரம்தான் நான் அந்தச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். ஸ்டோரில் வாங்கிக்கொண்ட பையன், "சார், குச்சி ரெண்டும்?" என்று கேட்டான். கொடுத்துவிட்டு வெளியே வந்தால், கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பாக்கெட்டில் வைத்தேன், பிடிக்கவில்லை. கட்டிக்கொண்டேன், பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது. அன்று மாலை மெட்ரோ நிலையத்தில் ஒருவர் பெட்டி வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தபோது, என் இரண்டு கைகளும் தாமாகவே மேலே போய் அவருக்கு வழி காட்டின. அவர் நன்றி சொன்னார். பக்கத்தில் நின்ற பெண்மணி நகர்ந்து போனார்.

எனக்கு ஓய்வு வயது இன்னும் ஆகவில்லை. முழங்கால்கள் இரண்டும் என்னைக் கேட்காமலே ராஜினாமா செய்துவிட்டன. அவற்றை விட்டுவிட்டு நான் மட்டும் வேலைக்குப் போக முடியுமா? அதனால் ஊருக்குக் கிளம்புகிறேன். கிளம்புமுன் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். எந்தக் கோட்டில் நிற்பது, எந்த விமானத்துக்கு எவ்வளவு தூரம் விடுவது என்பதையெல்லாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள். வகுப்பில் சொல்லாத ஒன்று உண்டு, பயம் வந்தால் என்ன செய்வது என்பது. அந்தப் பாடத்தில் இந்த வளைகுடா முழுக்கத் தேடினாலும் என்னைவிட அனுபவசாலி கிடைக்கமாட்டான்.

விமானி உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். தன் சக்கரம் எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. நாம் எதிரே நின்று இரண்டு குச்சிகளால் வா, திரும்பு, மெதுவாக, நில் என்கிறோம். அவர் நம் கைகளை நம்புகிறார். இதை நான் உணர்ந்தது என் முதல் வருடத்தில், ஒரு ஈயின் தயவால்.

ஒரு பெரிய சரக்கு விமானம் வந்துகொண்டிருந்தது. என் மூக்கில் ஈ உட்கார்ந்தது. இடது கையால் விரட்டினேன். கையில் குச்சி இருந்ததை ஈயும் மறந்துவிட்டது, நானும் மறந்துவிட்டேன். அத்தனை பெரிய விமானம், அடக்கமான மருமகள் மாதிரி, நான் கை காட்டிய பக்கம் மூக்கைத் திருப்பியது. அந்தப் பக்கம் ஒரு எரிபொருள் வண்டி நின்றது. நான் உறைந்துபோனேன். கைகள் அரைகுறையாகத் தொங்க, கோயில் சுதைச் சிற்பம் போல நின்றேன். என் பின்னாலிருந்து ஒரு பெண் முன்னால் வந்து நின்று, தன் இரு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்தார். நில் என்பதற்கு அதுதான் அடையாளம். விமானம் நின்றது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்து சில வாரமே ஆன பெண். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். திட்டுவார் என்று பார்த்தேன். தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

"சந்தேகம் எண்டால் கையைக் குறுக்கால போடுங்கோ அண்ணே. விமானம் கோவிக்காது. பைலட்தான் கோவிப்பார். அவர் வீட்டை போய்ப் படுத்தால் மறந்துபோவார்."

நான் இந்தத் தொழிலில் கற்றுக்கொண்ட ஒரே பாடம் அதுதான். மற்றதெல்லாம் அதற்கு விளக்கவுரை. அந்தப் பெண் படிப்படியாக மேலே போய் எங்கள் ஷிஃப்ட்டின் டியூட்டி மேடம் ஆனார். நான் படிப்படியாக அதே இடத்தில் நின்றேன்.

இப்போது சாகுல் காக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

இந்த ஊரின் கராமாப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் கீழே மொபைல் உதிரிச் சாமான் கடை வைத்திருப்பவர். ஊர் காயல்பட்டினம், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். எனக்குத் தூத்துக்குடி என்பதால் முதல் நாளே சொந்தமாகிவிட்டார். கடையில் முன்னால் சார்ஜர், கவர், ஒயர் எல்லாம் தொங்கும். அவற்றை விலக்கிப் பார்த்தால் பின்னால் கண்ணாடி அலமாரி, அதற்குள் ஒரே ஒரு விமானத்தின் பொம்மைகள். சின்னது, பெரியது, பசை காயாதது, இறக்கை ஒடிந்தது என்று அத்தனையும் ஒரே விமானம். கறுப்பாக, தட்டையாக, காகிதத்தை அவசரத்தில் மடித்த மாதிரி கோணல்மாணலான ஒரு ஸ்டெல்த் போர்விமானம். அதன் உண்மையான பெயர், நாடு, எண்ணெல்லாம் இங்கே வேண்டாம். காக்காவும் அவருடைய கூட்டாளிகளும் அதை வௌவால் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

"காக்கா, ராடாருக்கே தெரியாத விமானம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ராடாருக்குக் கண்ணு கிடையாது தம்பி. எனக்கு ரெண்டு இருக்கு. டீ குடிங்க."

விமானப் பித்தர்கள் என்று ஒரு சாதி இந்த வளைகுடா முழுக்க இருக்கிறது. ஃபஹாஹீலில் எண்ணெய்க் கம்பெனி ஆள், சலாலாவில் பள்ளிக்கூட வாத்தியார், இங்கே கராமாவில் சார்ஜர் விற்கும் காக்கா. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் இவர்களில் இந்த ஊர்க்காரர்கள் கடையின் பின்புறம் கூடுவார்கள். என்னைக் கண்டால் மாப்பிள்ளை வந்த மாதிரி. ஏனென்றால் நான் தினமும் விமானத்துக்கு எதிரே நிற்கிறவன். என்னிடமிருந்து சைகை அத்தனையையும் கறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கடையில் வாயால் பேசுவதே குறைந்துபோனது. டீ வரும்போது ஒருவர் கைகளை உயர்த்தி "வா, வா" என்று டீக்காரரை மேசைவரை அழைத்து வருவார். சர்க்கரை போதும் என்றால் கைகள் குறுக்கே. கடைக்குப் பின்னால் பார்க்கிங் கிடைப்பது குதிரைக் கொம்பு என்பதால், காக்கா இரண்டு கையிலும் மொபைல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வாடிக்கையாளர்களின் கார்களை இடுக்குகளில் நிறுத்திக் கொடுப்பார். என்னைவிட நன்றாகவே செய்வார். அவர் மூக்கில் ஈ உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இத்தனை வருடக் காதலில் காக்கா வௌவாலை நேரில் பார்த்ததே இல்லை. அவரிடம் தலையணை நீளத்துக்கு ஒரு லென்ஸ் இருந்தது. இந்த ஊரில் போர்விமானத்தைப் பார்த்த இடத்தில் படம் பிடிக்க முடியாது, உள்ளே போய் உட்கார வேண்டியிருக்கும். அதனால் அந்த லென்ஸ் கடற்கரை நாரைகளையும் மொட்டைமாடிப் புறாக்களையும் மட்டுமே கண்டிருந்தது. ஒரு புறாவின் படத்தைக் காட்டி, "திரும்புற கோணத்தைப் பாருங்க, அப்படியே வௌவால்" என்றார். எனக்குப் புறாவாகத்தான் தெரிந்தது.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. வௌவாலுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். கடைசியாக நாலு ஊர் சுற்றிவிட்டுக் கொட்டகைக்குள் போகப்போகிறது. அந்த நாலு ஊரில் எங்கள் ஊரும் ஒன்று, இங்கே நடக்கும் விமானக் கண்காட்சிக்காக. காலையில் வந்து இறங்கும், ஜனங்களுக்கு முன்னால் நிற்கும், சாயங்காலம் கிளம்பும். அவ்வளவுதான், கலாஸ். பித்தர்களுக்கென்று வேலியோரத்தில் தனி இடம், அன்று மட்டும் படம் பிடிக்க அனுமதி. காக்காவின் பாஸுக்குப் பொறுப்பாளியாக நான் கையெழுத்துப் போட்டேன். அதோடு, வௌவாலை உள்ளே அழைத்து வரும் வேலையும் எனக்கே விழுந்தது. அனுபவசாலி என்பதால் என்று சொன்னார்கள். அன்று மற்ற இரண்டு அனுபவசாலிகளும் லீவில் இருந்தார்கள் என்பதைச் சொல்லவில்லை.

காக்காவிடம் சொன்னபோது, நின்ற இடத்திலேயே என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். "இந்தக் கையா தம்பி? இந்தக் கையா கூப்பிடப்போவுது?" என்றார். வாடிக்கையாளர் ஒருவர் கவர் கேட்டுக்கொண்டு நின்றார். "இருங்க பாய், இது என்ன கை தெரியுமா?" என்று அவரையும் குலுக்க வைத்தார்.

மேடத்துக்கு மட்டும் இதில் ஒரு சந்தோஷமும் இல்லை. "வௌவால் வருது மேடம்" என்று துள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"உங்களுக்கு அது வடிவு அண்ணே. எங்களுக்குச் சின்னனில விமானச் சத்தம் கேட்டால் சோத்துக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு பங்கருக்குள்ள ஓடுறது. நான் இண்டைக்கும் சாப்பிடேக்க ஏதும் பறந்தால் கோப்பையைத்தான் முதல் பிடிப்பன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விமான நிலையத்தில் வேலை செய்கிறவர், தினமும் எத்தனை முறை கோப்பையைப் பிடித்திருப்பார் என்று யோசித்தேன்.

அன்று காலை வழக்கம்போல் தரை பார்த்தோம். வரிசையாக நின்று, தலையைக் குனிந்து, ஓடுதடம் வரைக்கும் நடந்து, கல், ஆணி, பிளாஸ்டிக் என்று கண்ணில் பட்டதைப் பொறுக்கும் வேலை. ஜெட் எஞ்ஜின் தன் முன்னால் கிடப்பதை உறிஞ்சும். ஒரு சின்ன மூடி உள்ளே போனால் எஞ்ஜின் போச்சு. அப்புறம் மேடம் எங்களை நிறுத்திச் சொன்னார்.

"இண்டைக்குச் சனம் கனக்க நிக்கும். சனத்தைப் பார்க்காதேங்கோ. விமானத்தை மட்டும் பாருங்கோ. விளங்குதோ?" கடைசிக் கேள்வி என் பக்கம் திரும்பி வந்தது.

அடுத்ததாக நான் ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு வேலியோரக் கூட்டத்திடம் போனேன். மைக் கையில் கிடைத்தால் நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன். "தொப்பி, போத்தல், பேப்பர், எதுவானாலும் சரி, வேலியைத் தாண்டி விழுந்தால் அதன் சொந்தக்காரரும் வெளியே. பாஸ் ரத்து. என் சொந்த மாமனாக இருந்தாலும் விடமாட்டேன்" என்று தமிழிலும் இந்தியிலும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் முழங்கினேன். முதல் வரிசையில் நின்ற காக்கா கைதட்டினார். புது வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம், கழுத்தில் தலையணை லென்ஸ். நிக்காஹ் மேடையில் உட்காரவேண்டியவர் தவறி வேலியோரம் வந்துவிட்ட மாதிரி இருந்தார்.

வௌவால் வந்தது.

தம்பிகளே, நான் ஆயிரக்கணக்கில் விமானங்களை வரவேற்றிருக்கிறேன். ஆனால் அன்று குச்சிகளை இரண்டு தடவை சட்டையில் துடைத்துக்கொண்டேன். வெயிலில் தார் நெளிந்துகொண்டிருந்தது. அந்த நெளிவுக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு கோணம் மட்டும் முதலில் தெரிந்தது. அப்புறம் இன்னொரு கோணம். பூனை நம்மைப் பார்க்கிறதா இல்லையா என்று காட்டிக்கொள்ளாமல் நெருங்கி வருமே, அப்படி வந்தது. வேலியோரத்தில் ஒரு சத்தமில்லை. எஞ்ஜின் சத்தம் மட்டும். குச்சிகளை உயர்த்தி வா, வா என்றேன். என்னை நம்பி அது வந்தது.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். காக்கா முகத்தை ஒரு தடவை பார்க்கவேண்டும் போலிருந்தது. பொம்மைகளாக அடுக்கி வைத்தவர், புறாவில் தேடியவர், இப்போது எப்படி இருப்பார்? ஒரே ஒரு தடவை. மேடம் எங்கேயோ தூரத்தில். கண்ணை மட்டும் திருப்பினேன்.

காக்கா வௌவாலைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளிறிக் கிடந்தது. அடுத்த நொடி கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கே வைத்தார்.

அவர் பக்கத்தில் நின்றவர் சலாலா வாத்தியார். காக்காவைப் பார்த்தார், தானும் கைகளைக் குறுக்கே வைத்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு பஹ்ரைன் பையன், அப்புறம் எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், முதல் வரிசை, இரண்டாம் வரிசை. வேலி நெடுக அத்தனை பேரும் தலைக்கு மேலே கைகளைக் குறுக்கே வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். அந்த விமானம் தங்களிடம் வரவேண்டும் என்று வருடக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள், எல்லாரும் சேர்ந்து நில் என்கிறார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் அறிவாளிக்கு என்ன தோன்றும்? ஏதோ ஆபத்து என்று தோன்றும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என் பேண்ட் ஜிப் திறந்திருக்கிறது என்று. சத்தியமாக. உலகத்தின் ரகசிய விமானம் ஒன்று எதிரே உறுமிக்கொண்டு வர, நான் குனிந்து ஜிப்பைப் பார்த்தேன். விமானியும் அதைப் பார்த்திருப்பார். இந்த நாட்டில் இது ஒரு சைகை போலிருக்கிறது என்று நினைத்திருக்கலாம்.

ஜிப் மூடித்தான் இருந்தது. அப்படியானால் விஷயம் வேறு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதபோது என்ன செய்வது என்று மட்டும் ஒரு காலத்தில் ஒரு பெண் சொல்லியிருந்தார். கைகளைக் குறுக்கே போட்டேன்.

வௌவால் மூக்கைத் தாழ்த்தி நின்றது.

ரேடியோவில் மேடம். "அண்ணே, ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"தெரியலை மேடம்."

"தெரியேல்லையோ?"

"கூட்டம் நிப்பாட்டச் சொல்லுது மேடம்."

"சனத்தைப் பார்க்காதேங்கோ எண்டு சொன்னனான்."

"பாத்துட்டேன் மேடம்."

அதற்குள் விருந்தினர் கூடாரத்திலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் ஓடிவந்தார். "யல்லா, யல்லா! ஏன் நிக்குது? மாஃபி ப்ராப்ளம், ஒரு பிரச்சினையும் இல்ல, போகச் சொல்லு!" என்று என் காதுக்குப் பக்கத்தில் கத்தினார். கூடாரத்தில் பெரிய மனிதர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் விமானியின் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. ஒன்றுமில்லாததற்கு நிறுத்தியிருந்தால் நாளைக்கு என்னை எந்தப் பெயரால் கூப்பிடுவார்கள் என்று ஒரு பட்டியலே மனதில் ஓடியது. கையை இறக்கிவிடலாம், வா என்று சொல்லிவிடலாம், கோட்டுக்காரர் சந்தோஷப்படுவார். அரை அங்குலம் இறக்கியும்விட்டேன்.

"நிண்டது நிக்கட்டும் அண்ணே" என்றது ரேடியோ. "கையை எடுக்காதேங்கோ. நான் வாறன்."

கை மறுபடி மேலே போனது. இதைத்தான் உங்களிடம் சொல்லவேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்தேன். நிறுத்துவது சுலபம், பயத்தில் யாரும் நிறுத்திவிடலாம். நிறுத்திய பிறகு, காரணம் தெரியும்வரை, நாலு பேர் கத்தும்போது நிறுத்தியபடியே நிற்பதற்குத்தான் சம்பளம்.

மேடம் காரிலிருந்து இறங்கி, தடத்தின் ஓரமாகத் தலையைக் குனிந்து நடந்தார். காக்கா வேலிக்குப் பின்னாலிருந்து விரலால் காட்டினார். வௌவாலின் முன்சக்கரத்துக்கு எதிரே, எஞ்ஜின் வாய்க்கு நேராக, மேடம் குனிந்து எதையோ எடுத்து உயர்த்திக் காட்டினார். தேநீர்ச் சாசர் அளவுக்கு ஒரு லென்ஸ் மூடி. கறுப்புத் தார்மேல் கறுப்பு மூடி. ராடாருக்குத் தெரியாத விமானத்துக்கு எதிரே, என் கண்ணுக்குத் தெரியாத மூடி. வேலியோரத்தில் எழுந்த ஆரவாரத்தில் எஞ்ஜின் சத்தமே அமுங்கிப்போனது. விமானி கட்டைவிரலை உயர்த்தினார். நான் அவரைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தினேன்.

திரும்பி வேலியோரம் வந்தபோது காக்காவின் எதிரே செக்யூரிட்டிக்காரர் நின்றார். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. "என்னுதுதான் பாய்" என்று காக்காவே கையைத் தூக்கியிருக்கிறார். பதற்றத்தில் மூடியைக் கழற்றி வேலிக் கம்பிமேல் வைத்திருந்தாராம். காற்று தள்ளி, தடம்வரை உருட்டிவிட்டதாம். மூடியைப் பாக்கெட்டில் போடும் அறிவும் அன்றைக்கு லீவில் இருந்திருக்கிறது.

"காக்கா..." என்றேன்.

அவர் பாஸைக் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். "நீங்கதானே தம்பி சொன்னீங்க, மாமனா இருந்தாலும் வெளியன்னு. பரவாயில்ல. வந்துச்சா இல்லையா? அது போதும்." வாய்தான் சொன்னது. கண் என் தோளைத் தாண்டி, தூரத்தில் கூட்டத்துக்குப் பின்னால் தெரிந்த கறுப்பு நுனியைத் துழாவிக்கொண்டிருந்தது. அவர் இன்னும் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை. அது பக்கத்தில் வந்த நேரமெல்லாம் தரையைத்தான் பார்த்திருக்கிறார்.

நான் மேடத்திடம் ஓடினேன். முழங்கால் ஒத்துழைக்காததால் ஓடுவதும் நொண்டுவதுமாகப் போய்ச் சேர்ந்தேன். "மேடம், அவர் கை தூக்கலேன்னா மூடி யாருதுன்னே தெரிஞ்சிருக்காது. தூக்கினதுக்கு வெளிய அனுப்பினா இனிமே எவன் தூக்குவான்?"

"நீங்கள்தான் மைக்கில சொன்னனீங்கள்."

"மைக் கையில இருந்தா நான் என்ன வேணாலும் சொல்லுவேன் மேடம், உங்களுக்குத் தெரியாதா?"

அவர் மூடியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி வேலியோரம் வந்தார். காக்காவிடம் கேட்டார். "ஐயா, விழுந்ததை வேற ஆரும் கண்டவையோ?"

"இல்லம்மா."

"சும்மா நிண்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரிய வந்திராது. வடிவாப் படம் எடுத்திருக்கலாம்."

காக்கா அந்தக் கறுப்பு நுனியைக் காட்டினார். "அதுக்குத் தெரிஞ்சிருக்குமேம்மா. வாய்க்குள்ள போயிருக்கும்."

மேடம் செக்யூரிட்டிக்காரரைத் தனியே அழைத்துப்போய்ப் பேசினார். என்ன பேசினாரோ, அவர் தலையைச் சொறிந்தார், சிரித்தார், "அச்சா" என்றார். மேடம் திரும்பி வந்து கையை நீட்டினார்.

"சொன்னது சொன்னதுதான். பாஸைத் தாங்கோ. கமராவையும் தாங்கோ."

தலையணை லென்ஸ் கை மாறியது. தம்பிகளே, குழந்தையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விடுகிற வாப்பாவைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படி இருந்தது. மேடம் அதைக் காரில் வைத்துவிட்டு, பின்சீட்டிலிருந்து ஒரு ஆரஞ்சுச் சட்டையை எடுத்தார்.

"இதைப் போடுங்கோ. பின்னேரம் அது வெளிக்கிட முதல் தரை பார்க்க எனக்கு ஒரு ஆள் காணாது. இந்த அண்ணர் பக்கத்திலேயே நடக்கோணும், அங்கால இங்கால போகப்படாது." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சனத்தைப் பார்த்தது பிழை. நிப்பாட்டினது சரி. ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பாதேங்கோ."

இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விளைவு நல்லதாகிவிட்டால் தப்பும் சரியாகிவிடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆசையை அந்த இடத்திலேயே கிள்ளி எறிந்துவிட்டார்.

சாயங்காலம் வரிசையாக நடந்தோம். வெள்ளைச் சட்டைக்கு மேல் ஆரஞ்சுச் சட்டை, எனக்கு வலப்பக்கத்தில் காக்கா. எங்கள் பாதை வௌவாலின் இறக்கை நுனியை ஒட்டிப் போனது. எட்டித் தொடலாம் போன்ற தூரம்.

"காக்கா, பாருங்க. இந்தா இருக்கு, பாருங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அவர் தலை நிமிரவில்லை. "தரையைத்தான் பாக்கணும் தம்பி. டியூட்டி."

"ஒரு செகண்ட் காக்கா!"

"ஒரு செகண்ட் பாத்துத்தான் காலையில மூடியைப் போட்டேன். நடங்க."

அப்படியே நடந்தார். ஒரு சின்னக் கல்லும், குளிர்பான டப்பாவின் வளையமும் பொறுக்கினார். வரிசையில் மற்ற யாருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. வேலியோரத்திலிருந்து அவருடைய கூட்டாளிகள், "ஓ காக்கா! திரும்புங்க காக்கா!" என்று கத்துகிறார்கள், நீண்ட லென்ஸ்களெல்லாம் வௌவாலை விட்டுவிட்டு அவரையே படம் பிடிக்கின்றன, அவர் தாரைத் தவிர எதையும் பார்க்கவில்லை. வரிசை முடிந்த இடத்தில் மேடம் நின்றிருந்தார்.

"சரி ஐயா. டியூட்டி முடிஞ்சுது. இப்ப திரும்பிப் பாருங்கோ."

காக்கா திரும்பினார். மூக்கிலிருந்து வால்வரை கண்ணாலேயே தடவினார். பிறகு மெதுவாக, "தம்பி, ஒட்டுப் போட்டிருக்காங்க" என்றார்.

நானும் அப்போதுதான் கவனித்தேன். தூரத்தில் மைக்கறுப்பாகத் தெரிந்தது, பக்கத்தில் துவைத்துத் துவைத்து வெளிறிய குடைத்துணி நிறத்தில் இருந்தது. அங்கங்கே சதுரம் சதுரமாக ஒட்டு. ஓரங்களில் பெயின்ட் உரிந்து, மறுபடி பூசி, மறுபடி உரிந்திருந்தது.

"என் பொம்மையில ஒண்ணுலயும் ஒட்டு இல்ல" என்றார் காக்கா. "எல்லாத்தையும் மாத்தணும்." அவர் முகத்தில் அப்போது வந்த சிரிப்பைத்தான் நான் காலையில் பார்க்க ஆசைப்பட்டேன். சாயங்காலம் கிடைத்தது. அதற்காக விமானத்திலிருந்து கண்ணை எடுக்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

வௌவால் கிளம்பும் நேரம் வந்தது. மேடம் கேமராவைக் காக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். மூடியை அவரே காக்காவின் சட்டைப் பாக்கெட்டில் போட்டு, மேலே ஒரு தட்டும் தட்டி, அவரை வேலியோரம் அனுப்பினார். நான் குச்சிகளோடு என் இடத்தில் போய் நின்றேன். எஞ்ஜின் உறுமியது. எல்லாம் சரி, வா என்று கையைத் தூக்கவேண்டிய நொடி.

வேலியோரத்தில் காக்கா கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கே வைத்தார். அவர் பக்கத்தில் வாத்தியார். பஹ்ரைன் பையன். வெள்ளைக்காரக் கிழவர். வேலி நெடுக அத்தனை கைகளும் குறுக்கே. இந்தத் தடவை தரையில் மூடி ஒன்றும் இல்லை. போகாதே என்கிறார்கள். எல்லார் முகத்திலும் சிரிப்பு, பாதிப்பேர் கண்ணில் தண்ணீர்.

நீங்கள் கேட்கலாம், கூட்டத்தைப் பார்க்கக்கூடாது என்று காலையில்தானே சொன்னார்கள், உனக்கு எப்படித் தெரியும் என்று. விமானியின் தலை அந்தப் பக்கம் திரும்பி அங்கேயே நின்றுவிட்டது. அவர் பார்க்கும்போது நான் பார்த்தால் என்ன? அவர் இரண்டு கைகளையும் கண்ணாடிக்குள் உயர்த்தி, தலைக்கு மேலே குறுக்கே வைத்தார். வேலி இடிந்து விழாதது அதிசயம்.

எனக்குக் கை எழவில்லை. அத்தனை பேர் நில் என்கிறார்கள், விமானமும் நிற்கிறேன் என்கிறது. போ என்று சொல்லவேண்டியவன் நான் ஒருவன்.

மேடம் என் பக்கத்தில் வந்து நின்றார். ரேடியோ வேண்டியிருக்கவில்லை. "விடுங்கோ அண்ணே, போகட்டும்" என்றார். "வேலையை விட்டுட்டுப் போற போர்விமானம் ஒண்டுதான் எனக்குப் பிடிச்ச விமானம்."

குச்சிகளை உயர்த்தினேன். வா, வா, திரும்பு, போ. ஒட்டுப் போட்ட இறக்கை எங்களைத் தாண்டிப் போனது. அது ஓடி, எழுந்து, வெயிலுக்குள் ஒரு கோணமாகி, கோடாகி, ஒன்றுமில்லாமல் போகும்வரை மேடம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கையில் பாதி சாப்பிட்ட சாண்ட்விச் டப்பா இருந்தது. அதை அவர் இறுக்கிப் பிடித்திருக்கவில்லை. காரின் மேல் வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் டாட்டா காட்டினார்.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. உங்களுக்கும் பயம் வரும். வந்தால் கைகளைக் குறுக்கே போடுங்கள், காரணம் தெரியும்வரை இறக்காதீர்கள், கோட்டுப் போட்டவர் கத்தினால் கத்தட்டும். ஜிப்பை மட்டும் டியூட்டிக்கு வருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். விமானத்துக்கு எதிரே நின்றபிறகு அதற்கெல்லாம் நேரம் கிடைக்காது.